அப்பா போனது சர்க்கரையில்தான். படிவத்தில் அந்தச் சொல்லே இல்லை

வைகைக்கரை

போன மாதம் அப்பா தவறினார். வயது 63. இருபத்திரண்டு வருடச் சர்க்கரை. மூன்று வருடத்துக்கு முன் வலது காலில் கட்டைவிரலை எடுத்தார்கள். போன தீபாவளிக்குப் பிறகு ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறி, சிறுநீரகம் பழுது என்று தெரிந்து, வாரம் இரண்டு டயாலிசிஸ். கடைசியில் ஒரு ராத்திரி மூச்சு வாங்கியது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். விடியும் முன் எல்லாம் முடிந்தது.

எல்.ஐ.சி. வேலையாக, ஆஸ்பத்திரியில் எழுதிய மரணக் காரணப் படிவத்தின் நகல் கைக்கு வந்தது. முதல் வரியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்'. அடுத்த இரண்டு வரி காலி. அதற்குக் கீழே இருந்த பெட்டியும் காலி. இருபத்திரண்டு வருடம் அவர் விழுங்கிய மாத்திரைக்கு அந்தத் தாளில் ஓர் எழுத்துகூட இல்லை.

நான் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. ஒரே கேள்விதான். தமிழ்நாட்டில் சர்க்கரையால் இத்தனை பேர் இறக்கிறார்கள் என்று பேப்பரில் கணக்குப் போடுகிறார்களே, அதில் அப்பா இருப்பாரா?

சைக்கிள்கடை

ஆழ்ந்த இரங்கல் தம்பி. என் அண்ணனும் டயாலிசிஸில்தான் இருக்கிறான். திங்கள், வியாழன். அந்த நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் சுகர் கதைதான் சொல்கிறார்கள்.

ஓய்வெழுத்தர்

தம்பிக்கு என் அனுதாபங்கள். பிறப்பு இறப்புப் பதிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன். இருக்க மாட்டார்.

நீங்கள் பார்த்தது படிவம் 4. ஆஸ்பத்திரியில் நடக்கும் சாவுக்கு அது. வீட்டில் நடந்து டாக்டர் எழுதினால் 4ஏ. அதில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று உண்டு. பகுதி ஒன்றில் மேலிருந்து கீழே போக வேண்டும். முதல் வரியில் உடனடிக் காரணம், அடுத்ததில் அது எதனால் வந்தது, கடைசியில் எல்லாவற்றுக்கும் வேர். அந்தக் கடைசி வரியில் இருப்பதைத்தான் அடிப்படைக் காரணம் என்று எடுத்துக் குறியீடு போடுவார்கள். பகுதி இரண்டு, கூட இருந்த மற்ற நோய்களுக்கு.

உங்கள் அப்பாவுக்கு முறைப்படி எழுதியிருந்தால் இப்படி வந்திருக்கும்: நுரையீரலில் நீர் கோத்தது, அது நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பால், அது இரண்டாம் வகைச் சர்க்கரை நோயால். மூன்று வரி. சர்வதேச நோய்ப் பட்டியலில் சர்க்கரைக்கு உரிய குறியீடு இ 10 முதல் இ 14 வரை, அதில் ஒன்று விழுந்திருக்கும்.

இதயமும் மூச்சும் நின்றது என்று எழுதினால் அது காரணமே இல்லை. சாவு என்றாலே அதுதானே! லாரி ஏறி இறந்தவருக்கும் இதயம் நின்றுதான் இறந்தார். இந்த மாதிரிப் பதிவுகளுக்கு நோய்ச்சுமை கணக்கிடுபவர்கள் வைத்திருக்கும் பெயர் 'குப்பைக் குறியீடு'. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான். பிறகு கணினியில் ஒரு சூத்திரம் போட்டு அந்தக் குப்பையை மாரடைப்பு, சர்க்கரை, இன்னபிற என்று பிரித்துக் கொடுப்பார்கள்.

அதுகூட, படிவம் எழுதப்பட்டவர்களுக்குத்தான். 2020-ல் நாடு முழுக்கப் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம். மிச்சப் பேருக்கு அந்தத் தாளே கிடையாது.

கொத்தமல்லி

இருபத்திரண்டு வருடம் இங்கிலீஷ் மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போகத்தான் செய்யும். என் மாமனார் ஆவாரம்பூக் கஷாயத்திலேயே 80 வயது வரை இருந்தார். யாரும் இதைப் பேச மாட்டீர்கள்.

ரத்தச்சொட்டு

கொத்தமல்லி அண்ணே, லேபில் பதினேழு வருடம் ரத்தம் எடுத்தவள் சொல்கிறேன். கிட்னியைக் கெடுப்பது ஏறிக் கிடக்கும் சர்க்கரையும் கட்டுப்படாத பிரஷரும். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை கிட்னியைத் தின்னாது. கிட்னி ரொம்பப் பழுதான பிறகு டாக்டர் அதை நிறுத்தச் சொல்வார், அது வேறு காரணத்துக்காக. ஜனங்கள் அதைத் திருப்பிப் போட்டு, மாத்திரையால்தான் கெட்டது என்று பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டவர்கள்தான் நாலைந்து வருடம் கழித்து யூரினில் நுரை நுரையாகப் போகிறது என்று எங்களிடம் டப்பாவோடு வருவார்கள். கஷாயம் குடிக்கட்டும், மாத்திரையையும் போடட்டும்.

வைகைக்கரைத் தம்பி, அப்பாவுக்கு யூரினில் புரதம் எப்போதாவது பார்த்தார்களா?

வைகைக்கரை

பார்த்ததாக நினைவில்லை அக்கா. மாதாமாதம் சாப்பிடும் முன், சாப்பிட்ட பின் என்று இரண்டு சுகர். அவ்வளவுதான். எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒரே ஒரு தடவை பார்த்தோம், விரல் எடுக்கும் முன். 11.2.

ரத்தச்சொட்டு

அதுதான் கதை. சாப்பிடும் முன் டெஸ்டுக்கு வரும் நாளுக்கு முந்தின ராத்திரி எல்லோரும் நல்ல பிள்ளைகள். இரண்டு இட்லியோடு படுத்துவிடுவார்கள். 130 வரும், சந்தோஷமாகப் போவார்கள். மூன்று மாதச் சராசரியில் அந்தப் பாச்சா பலிக்காது.

குரோய்டன்வாசி

இரங்கல்கள். நான் இங்கே லண்டனில் ஒரு மருத்துவமனையில் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். இதே பிரச்சினை வெளிநாட்டிலும் உண்டு, இந்திய டாக்டர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அமெரிக்காவில் 2006-ல் வந்த ஓர் ஆய்வு. சர்க்கரை உள்ளவர்கள் என்று முன்பே தெரிந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து, இறந்தவர்களின் சான்றுகளை எடுத்துப் படித்தார்கள். சர்க்கரை என்ற சொல் எங்காவது இருந்தது 39 சதவீதத்தில். அடிப்படைக் காரணமாக எழுதியிருந்தது 10 சதவீதத்தில்.

அதனால் சான்றை வைத்துப் போக்குப் பார்க்கக் கூடாது. நோயாளிகள் பட்டியலையும் இறப்புப் பட்டியலையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அப்படிச் செய்தார்கள், 2001 முதல் 2018 வரை. சர்க்கரை உள்ளவர்களிடம் மாரடைப்பு, பக்கவாத இறப்புகள் நன்றாகக் குறைந்துவிட்டன. இப்போது அவர்களுடைய சாவுக்கு முதல் காரணம் புற்றுநோய். கேட்கப் பயமாக இருந்தாலும் இது நல்ல செய்தி. இதயத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததால் அடுத்த நோய் வரும் வயது வரை இருக்கிறார்கள்.

தேரடிவீதி

நம் ஊரில் அப்படி யாராவது பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்களா? எல்லா செய்தியும் "10 கோடிப் பேருக்குச் சர்க்கரை" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த 10 கோடி எங்கே போய் முடிகிறது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

ஓய்வெழுத்தர்

சென்னையில் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் மருத்துவர் வி. மோகன் குழு 1990-களின் பிற்பாதியில் திருமங்கலத்தில் ஒரு நடுத்தரக் குடியிருப்பு, தி.நகரில் ஓர் ஏழைக் குடியிருப்பு என்று இரண்டை எடுத்து வீடு வீடாக ரத்தம் பார்த்தது. சுமார் ஆறு வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் போனார்கள். முடிவு 2006-ல் வந்தது. ஆயிரம் பேரை ஒரு வருடம் பார்த்தால், சர்க்கரை உள்ளவர்களில் 18.9 பேர் இறந்தார்கள், இல்லாதவர்களில் 5.3 பேர். சர்க்கரை உள்ளவர்களின் சாவில் பாதிக்கு மேல், 52.9 சதவீதம், இதயம் ரத்தக்குழாய்க் கணக்கு. சிறுநீரகம் 23.5. சர்க்கரை இல்லாதவர்களிடம் சிறுநீரகம் வெறும் 6.1.

தம்பி வைகைக்கரை, உங்கள் அப்பா இந்தக் கணக்கில்தான் இருக்கிறார். அரசாங்கக் கணக்கில் இல்லை.

தேரடிவீதி

ஐயா, சர்க்கரை உள்ளவர்கள் வயதிலும் மூத்தவர்களாகத்தானே இருப்பார்கள்? வயதானவர் அதிகம் இறப்பது அதிசயமா?

ஓய்வெழுத்தர்

நியாயமான கேள்வி. 18.9-க்கும் 5.3-க்கும் உள்ள இடைவெளியில் வயதுக்கும் ஒரு பங்கு இருக்கும். இன்னொன்று, அந்த ஆறு வருடத்தில் இறந்தவர்கள் மொத்தமே சில பத்துப் பேர், சின்ன எண்ணிக்கை. ஆனால் நான் எதனால் இறந்தார்கள் என்பதைத்தான் கவனிப்பேன். வயதானதால் மட்டும் சிறுநீரகம் நாலு மடங்கு அடி வாங்காது.

பருத்தித்துறை

இரங்கல்கள் தம்பி. எங்கட பக்கம் இதைச் சலரோகம் எண்டுதான் அப்பம்மா ஆக்கள் சொல்லுவினம், இப்ப எல்லாரும் சீனி வருத்தம் எண்டு சொல்லுறம். இலங்கையில 2018-19-ல நாடு முழுக்க எடுத்த ஆய்வில வளர்ந்த ஆக்களில 23 வீதம் பேருக்கு இருக்கெண்டு வந்தது. நாலு பேருக்கு ஒராள் எண்டு வையுங்கோவன்.

சிறுநீரகம் எண்டதும் எல்லாத்தையும் சீனி தலையில போடவும் ஏலாது. அனுராதபுரம் பக்கம், வடமத்திய மாகாணத்தில, சீனியும் இல்லை பிரஷரும் இல்லை, வயலில வேலை செய்யிற ஆக்களுக்குச் சிறுநீரகம் பழுதாகுது. ஏன் எண்டு தொண்ணூறுகளில இருந்து ஆராயினம், ஒரு முடிவும் இல்லை. அங்க ஒரு டொக்டர் படிவத்தில வெறும் 'சிறுநீரகச் செயலிழப்பு' எண்டு எழுதினா ரெண்டு வருத்தமும் ஒண்டாப் போயிடும். ஐயா சொன்ன அந்தக் கடைசி வரி அங்க இன்னும் முக்கியம்.

கண்மாய்க்கரை

கணக்கு ஏறுகிறது ஏறுகிறது என்கிறார்களே, உண்மையாகவே ஏறுகிறதா, இல்லை டெஸ்ட் அதிகமானதால் தெரிகிறதா? ஒரு வருடம் ஒருவர் 10 கோடி என்றார், அடுத்த வருடமே இன்னொருவர் 21 கோடி என்றார். இடையில் என்ன, எல்லோரும் ஒரே ராத்திரியில் அல்வா தின்றார்களா?

குரோய்டன்வாசி

சிரித்துவிட்டேன். இரண்டும் பொய் இல்லை, அளவுகோல்தான் வேறு.

10.1 கோடி என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'இண்டியாப்' (INDIAB) ஆய்வு, 2023-ல் வெளியானது. 1,13,043 பேரிடம் எடுத்தது. வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. 11.4 சதவீதம் வந்தது. 21.2 கோடி என்பது 2024 நவம்பரில் வந்த உலக அளவிலான கணக்கு. அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 இருந்தாலும் சரி, மூன்று மாதச் சராசரி 6.5 இருந்தாலும் சரி, இரண்டில் ஒன்று தாண்டினாலே நோயாளி. இந்தியாவில் ரத்தசோகை அதிகம். இரும்புச்சத்துக் குறைந்தால் அந்தச் சராசரி இல்லாத உயரத்துக்குப் போகும். ரத்தசோகை உள்ள பெண்கள் நிறைய இருக்கும் ஊரில் இந்த அளவுகோல் கூடுதலாக ஆள் பிடிக்கும்.

ஒரே அளவுகோலோடு இரண்டு முறை போனால்தான் ஏற்றம் தெரியும். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று உண்டு. 2006-லும் பத்து வருடம் கழித்து 2016-லும் எடுத்தார்கள். சென்னையில் 18.6 சதவீதம் 21.9 ஆனது. காஞ்சிபுரத்தில் 16.4 என்பது 20.3. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் 9.2 என்பது 13.4. சென்னையில் ஏற்றம் மூன்று புள்ளி சொச்சம், கிராமத்தில் நாலுக்கு மேல். கிராமத்து அடிப்படை எண் எவ்வளவு சின்னது என்று பார்த்தால் அது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்று புரியும்.

ரத்தச்சொட்டு

நான் சேர்ந்த புதிதில் சுகர் டெஸ்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜவுளிக்கடை முதலாளி, ரிட்டயர்டு வாத்தியார், அந்த மாதிரி. இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா வருகிறார். வெயிலில் கருத்த கை, விரல் நுனி காய்த்துக் கிடக்கும். ஊசி உள்ளே போகவே போகாது, சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து எடுப்பேன். 340, 380. "எனக்கெப்படிம்மா சுகரு, நான் இனிப்பே தொடமாட்டேனே" என்பார். ரேஷன் அரிசிச் சோறு மூன்று வேளை, கூடக் கொஞ்சம் புளிக்குழம்பு. காய் இல்லை, பருப்பு இல்லை.

பணக்கார வியாதி என்று எந்த மகராசன் பெயர் வைத்தானோ.

ஓய்வெழுத்தர்

அம்மா சொல்வது கண்ணால் கண்டது மட்டுமில்லை. நான் மேலே சொன்ன 1990-களின் சென்னை ஆய்வில் நடுத்தரக் குடியிருப்பில் 12.4 சதவீதம், ஏழைக் குடியிருப்பில் 6.5. அப்போது பணக்கார வியாதிதான். 2017-ல் 'இண்டியாப்' ஆய்வின் 15 மாநில முடிவு வந்தபோது தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் நகரங்களில் அது தலைகீழ். வசதி குறைந்தவர்களிடம்தான் அதிகம். அவர்கள் எப்போது டாக்டரிடம் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கால் புண் ஆறாமல் நாற்றம் வந்த பிறகு.

சாவுக் கணக்கு இனி எந்தப் பக்கம் போகும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

கொத்தமல்லி

அரிசி தின்ற நம் தாத்தாவுக்கு ஏன் வரவில்லை?

சைக்கிள்கடை

தாத்தா நாலு மைல் நடந்து ஏர் பிடித்தார். நீங்கள் ஆவாரம்பூ வாங்கவே பைக்கில் போகிறீர்கள்.

மட்டுறுத்துநர்

கஷாய விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம். தொடருங்கள்.

கண்மாய்க்கரை

ஒன்று ஞாபகம் வந்தது. கொரோனா சமயத்தில் தமிழ்நாடு சுகாதாரத் துறை தினமும் சாயந்திரம் ஓர் அறிக்கை விடுமே. இறந்த ஒவ்வொருவருக்கும் வயது, ஆணா பெண்ணா, எந்த நாள் சேர்ந்தார், கூட என்ன வியாதி என்று ஒரு பத்தி இருக்கும். 'டைப் 2 டயாபடிஸ், சிஸ்டமிக் ஹைப்பர்டென்ஷன்' என்ற இரண்டும் வரிக்கு வரி வரும். நான் கடையில் உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பேன். 48 வயது, டயாபடிஸ். 55 வயது, டயாபடிஸ்.

அதற்கு முன்னும் பின்னும், சாகிறவர்களில் யாருக்குச் சர்க்கரை இருந்தது என்று தினமும் ஊருக்குச் சொன்ன காலம் இருந்ததா?

ஓய்வெழுத்தர்

நான் அறிந்து இல்லை. நல்ல இடத்தைத் தொட்டீர்கள். 2021-ல் கரும்பூஞ்சை வந்ததும் அதே கதைதான். சர்க்கரை கட்டுப்படாத உடம்பு, மேலே ஸ்டீராய்டு. கண்ணை எடுத்தவர்கள், மேல்தாடையை எடுத்தவர்கள். அது புதிய வியாதி என்று ஜனங்கள் நினைத்தார்கள். பழைய வியாதிதான் முகத்தில் வந்து நின்றது.

தேரடிவீதி

சரி, எல்லாம் இருட்டுதானா? மக்களைத் தேடி மருத்துவம் என்று ஓர் அரசுத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஐ.நா. விருதுகூடக் கொடுத்தது 2024-ல். அதனால் சாவு குறைந்ததா?

குரோய்டன்வாசி

சாவு குறைய இந்தச் சில வருடம் போதாது. இன்றைக்கு டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவரின் கதை பதினைந்து வருடம் முன் எழுதப்பட்டது. அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: சர்க்கரை உள்ளவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி எடுத்த 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில் 10.8 சதவீதம். பிறகு எடுத்த இரண்டாம் சுற்றில் 16.7. ஏறியிருக்கிறது. ஆனால் நூறு பேரில் எண்பத்து மூன்று பேருக்கு அப்போதும் கட்டுப்படவில்லை, மறக்க வேண்டாம்.

சர்க்கரை மட்டும் அடங்கினாலும் போதாது. பிரஷர், கெட்ட கொழுப்பு இரண்டும் சேர்ந்துதான் ஆளை அடிக்கும். 'இண்டியாப்' ஆய்விலேயே, நோய் தெரிந்தவர்களில் மூன்றும் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.7 சதவீதம். இங்கிலாந்தில் மாரடைப்புச் சாவு குறைந்ததில் பிரஷர் மாத்திரைக்கும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைக்கும் பெரிய பங்கு. நம்மவர்கள் சுகர் மாத்திரையை மட்டும் கேட்டு வாங்குவார்கள், கொழுப்பு மாத்திரை என்றால் "நான் ஒல்லிதானே" என்பார்கள்.

சைக்கிள்கடை

எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் அம்மா மாத்திரை கொடுத்துவிட்டுக் காலைப் பார்ப்பார். பாதத்தைத் தூக்கச் சொல்லி விரலிடுக்கில் பார்ப்பார். செருப்பைத் திருப்பி ஆணி குத்தியிருக்கிறதா என்றும் பார்ப்பார். என் கடைக்கு ஒருத்தர் வந்தார், சைக்கிள் பால்ரஸ் ஒன்று செருப்புக்குள் உருண்டு கிடந்தது, சாயந்திரம் வரை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார், உணர்வே இல்லை. ரத்தம் பார்த்து நான்தான் சொன்னேன். சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினேன்.

வைகைக்கரை

அப்பாவுக்கும் அப்படித்தான். வாசலில் காயப்போட்ட வத்தலை எடுக்கத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு போய்க் கொப்புளம். சுடவில்லையே என்றார்.

ஓய்வெழுத்தர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. படிவத்தைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாமா? பணத்துக்காக இல்லை. எங்காவது ஒரு பட்டியலில் அவர் சரியான இடத்தில் இருக்கட்டும் என்று.

ஓய்வெழுத்தர்

எழுதிய டாக்டரையே போய்ப் பாருங்கள். டயாலிசிஸ் அட்டை, கால் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டு, பழைய ரத்த ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போங்கள். ராத்திரி மூன்று மணிக்கு டூட்டி டாக்டருக்கு உங்கள் அப்பாவின் இருபத்திரண்டு வருடம் தெரியாது, நீங்கள் கொண்டுபோன ஆட்டோவில் அந்தக் கோப்பு இருந்திருக்காது. அவர் மனது வைத்தால் பதிவாளருக்குக் கடிதம் எழுதலாம். சண்டை போட்டால் நடக்காது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: வீட்டில் பெரியவர்களுக்கு நோய் இருந்தால், என்ன நோய், எத்தனை வருடம் என்று ஒரே ஒரு தாளில் எழுதி மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள். அவசரத்தில் சிகிச்சைக்கும் அதுதான் உதவும்.

வைகைக்கரை

போய்ப் பார்த்தேன். இளம் டாக்டர், பெண். கோப்பைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் அன்னைக்கு எங்ககிட்ட இல்லைங்க" என்றார். கோபப்படவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்.

இன்னொன்று. இன்று காலை அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர் வந்தார். எனக்கு வயது 36. கையை நீட்டினேன். 214 காட்டியது. இப்போதுதான் பொங்கல் சாப்பிட்டேன் என்றேன். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ரத்தச்சொட்டு

நாளைக் காலை வெறும் வயிற்றில் போங்கள். காபிகூட வேண்டாம். மூன்று மாதச் சராசரியும், யூரினில் புரதமும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். இன்று ராத்திரி வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், இரண்டு இட்லி வேலை எல்லாம் வேண்டாம்.